அதிபர் கையெழுத்துப் போட்டார், அப்புறம்?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டு நிபுணர்கள் அங்கே போய் வேலை பார்க்கத் தரும் எச்-1பி விசாவுக்கு இனி 1,00,000 டாலர் கட்டணம். நமக்கு அது சனிக்கிழமை விடிகாலை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒருவர்கூட காலை வணக்கம் போடவில்லை. நவராத்திரிக்கென்று மதுரைக்கு வந்திருந்த அத்தை மகள், "ஞாயிறு காலை ஒன்பதரைக்குள்ள அமெரிக்க மண்ணுல கால் வைக்கணுமாம்" என்று எழுதி, கூடவே டிக்கெட் விலையின் படத்தையும் போட்டாள். "வருஷா வருஷம் கட்டணுமாம்மா" என்றார் சித்தப்பா. "அவசரச் சட்டம் போட்டுட்டாங்க, அங்கே அதிபர் நினைச்சா எதுவும் நடக்கும்" என்றார் ஒருவர். "ஒண்ணும் ஆகாது, அடுத்த வாரம் கோர்ட்டே தூக்கிக் கடாசிடும்" என்றார் இன்னொருவர்.

கடைசி இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஆளைக் குழப்புகின்றன. அமெரிக்க அதிபர் ராஜாவும் இல்லை, ரப்பர் ஸ்டாம்பும் இல்லை. அவர் கையெழுத்து எங்கே போகிறது, யார் கையில் சேர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மீதிக் குழப்பம் மொழியால் வருவது. அங்கே ஒரு துறையின் தலைவருக்கு 'செக்ரட்டரி' என்று பெயர். நம் ஊரில் செக்ரட்டரி என்றால் ஐ.ஏ.எஸ். அதிகாரி, அங்கே அவர்தான் அமைச்சர். 'காங்கிரஸ்' கட்சியின் பெயரல்ல; செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம். அமைச்சராக இருப்பவர் அதே சமயம் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டமே தடை போட்டிருக்கிறது. எம்.பி.தான் அமைச்சர் என்று பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது.

ஓர் அடுக்குமாடிச் சங்கம்

ஐம்பது வீடுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் கூடுவது பொதுக்குழு. மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, லிஃப்ட்டை மாற்றலாமா, நாய் வளர்க்கலாமா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். முடிவானதை நடத்திக்காட்ட ஒரு தலைவர். அவருக்குக் கீழே வாட்ச்மேன், எலெக்ட்ரீஷியன், கணக்கு எழுதுபவர், பம்ப் ஆபரேட்டர்.

"ராத்திரி பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிடுங்க" என்று தலைவர் வாட்ச்மேனிடம் சொல்லலாம். சீட்டில் எழுதி ஒட்டவும் ஒட்டலாம். வாட்ச்மேன் சங்கத்தின் வேலையாள், தலைவர் சொல்வதைச் செய்பவர். ஆனால் அதே சீட்டில் "அடுத்த மாதத்திலிருந்து பராமரிப்பு ஆயிரம் ரூபாய் கூடுதல்" என்று எழுத முடியாது. எழுதினால் மூன்றாவது மாடிக்காரர் சீட்டைக் கிழித்துக்கொண்டு நேராகப் பதிவாளரிடம் போவார்.

இந்தக் கதையில் ரொம்ப முக்கியமான ஆள் தலைவரல்ல, பம்ப் ஆபரேட்டர். ஐந்து தலைவர்களைப் பார்த்தவர். எந்த வால்வைத் திறந்தால் எந்த பிளாக்குக்குத் தண்ணீர் போகும் என்பது அவருக்குத்தான் தெரியும். புதுத் தலைவர் வந்து வால்வை மாற்றித் திறக்கச் சொன்னால், "சரிங்க சார்" என்பார். "ஆனா அப்படித் திறந்தா பி பிளாக்குக்கு ஏறாது சார்" என்றும் சொல்வார். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னதற்காக அவரை வேலையை விட்டு அனுப்பலாமா? அமெரிக்க அரசியலில் நூற்றைம்பது வருடமாக ஓயாத சண்டை இது.

பொதுக்குழு என்றால் காங்கிரஸ். தலைவர் என்றால் அதிபர். வேலையாட்கள் என்றால் அரசு இயந்திரம், அதாவது அதிபர் மாறினாலும் மாறாமல் வேலை பார்க்கும் அதிகாரிகளும் ஊழியர்களும். இந்த மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆணை என்பது வேலையாளுக்கு எழுதும் சீட்டு

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் அதிபரைப் பற்றிய பகுதி மிகச் சிறியது. நிர்வாக அதிகாரம் அதிபரிடம் இருக்கிறது என்கிறது. சட்டங்கள் நாணயமாக நிறைவேற்றப்படுவதை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. துறைத் தலைவர்களிடம் அவர் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்கிறது. படைகளுக்கு அவர்தான் தலைமைத் தளபதி. கட்டளை போட்டுச் சட்டம் இயற்றலாம் என்று எங்கேயும் இல்லை.

அப்படியானால் தினமும் டி.வி.யில் தூக்கிக் காட்டுகிறார்களே, அது என்ன? அதற்கு நிர்வாக ஆணை என்று பெயர்: அதிபர் தன் கீழே இருக்கும் துறைகளுக்கு எழுதும் கட்டளை. நம் ஊர் அவசரச் சட்டத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது. நாடாளுமன்றம் கூடாத நாட்களில் நம் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டம், பெயரிலேயே இருப்பதுபோல, சட்டமேதான். குடிமக்கள் எல்லாரையும் கட்டுப்படுத்தும். நாடாளுமன்றம் கூடி ஆறு வாரத்துக்குள் ஏற்காவிட்டால்தான் காலாவதியாகும். அமெரிக்க அதிபருக்கு அப்படியோர் அதிகாரம் கிடையாது. அவருடைய ஆணைக்கு நம்மிடம் நெருங்கிய உறவு என்று பார்த்தால் ஜி.ஓ. என்று நாம் சொல்லும் அரசாணைதான்.

வித்தியாசம் எங்கே வெடிக்கிறது என்பதைக் காட்ட முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஒரே ஆள், ஒரே பேனா, இரண்டு ஆணைகள்.

1948 ஜூலை 26. ராணுவத்தில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் சம வாய்ப்பு வேண்டும், அவர்களைச் சமமாக நடத்தவும் வேண்டும் என்று ட்ரூமன் ஆணையிட்டார். தென் மாநில அரசியல்வாதிகள் கொதித்தார்கள். ஆனால் படை அவருடைய கட்டளைக்குக் கீழே இருப்பது, ஆகவே ஆணை நின்றது. நின்றதே தவிர, மறுநாளே நடந்துவிடவில்லை. தளபதிகள் இழுத்தடித்தார்கள். கறுப்பினத்தவருக்கென்று தனியாக வைத்திருந்த கடைசிப் பிரிவு 1954இல்தான் கலைக்கப்பட்டது. அதற்குள் ட்ரூமனே பதவியை விட்டுப் போய்விட்டார்.

1952 ஏப்ரல் 8. கொரியப் போர் நடந்துகொண்டிருக்கிறது. உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். போர்க்காலத்தில் உருக்கு நின்றால் என்ன ஆவது என்று ட்ரூமன் தன் வர்த்தக அமைச்சருக்கு ஓர் ஆணை எழுதினார்: ஆலைகளை அரசு வசம் எடுத்துக்கொள். வடிவத்தில் இதுவும் வேலையாளுக்கு எழுதிய சீட்டுதான். ஆனால் எடுக்கச் சொன்ன பொருள் அடுத்தவர் சொத்து. முதலாளிகள் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். ஜூன் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ஆணை செல்லாது என்றது. தனியார் ஆலையை எடுக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டமும் தரவில்லை, காங்கிரஸ் இயற்றிய எந்தச் சட்டமும் தரவில்லை என்றது. ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் ஏழு வாரத்துக்கு மேல் நீடித்தது.

கேட்டைப் பூட்டச் சொன்ன சீட்டு நின்றது, வீட்டைப் பூட்டச் சொன்ன சீட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரவல் வாங்கிய அதிகாரம்

இங்கேதான் நிறையப் பேர் அடுத்த தப்பைச் செய்கிறார்கள். 'அப்போ ஆணைக்குச் சக்தியே இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த உருக்காலை வழக்கிலேயே நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தனியாக ஒரு கருத்து எழுதினார். பிற்பாடு தீர்ப்பைவிட அதற்குத்தான் புகழ் அதிகம். காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தை வைத்துச் செயல்படும்போது அதிபரின் பலம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் வாய் திறக்காத விஷயங்களில் அது மங்கலாகிறது. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகப் போகும்போது அடிமட்டத்துக்கு இறங்கிவிடுகிறது.

சாமர்த்தியமான அதிபர்கள் ஆகவே என்ன செய்வார்கள்? பழைய சட்டங்களைத் தூசிதட்டி, 'இதிலேயே எனக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறீர்களே' என்பார்கள். காங்கிரஸ் எத்தனையோ காலமாக, எத்தனையோ நெருக்கடிகளில், அதிகாரத்தை அதிபரிடம் இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க மறந்திருக்கிறது. 1952ஆம் வருடத்துக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. வெளிநாட்டவர் நாட்டுக்குள் வருவது அமெரிக்காவின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கருதினால், அவர்களின் வருகையை நிறுத்திவைக்கலாம், நிபந்தனை போடலாம். 1,00,000 டாலர் கட்டணம் அந்தப் பிரிவின் தோளில்தான் உட்கார்ந்தது.

ஆனால் அதே விசாவின் எண்ணிக்கையை அதிபர் தொட முடியாது. வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் மேல்பட்டம் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்பது காங்கிரஸ் சட்டத்திலேயே எழுதி வைத்த கணக்கு. அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதும் அப்படித்தான். இந்தியர்களின் வரிசை அனுமார் வாலாக நீள்வதற்கு அதுதான் காரணம். டிரம்ப் வந்தாலும் பைடன் வந்தாலும் அந்த வரிசை அசையாதது ஏன் என்று கேட்பவர்கள் கேட்க வேண்டிய இடம் வெள்ளை மாளிகையல்ல, காங்கிரஸ்.

திருப்பூரை உலுக்கிய வரியும் இதே ரகம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் என்று அதிபர் விதித்தது, நெருக்கடிக் காலத்தில் அவருக்குப் பொருளாதார அதிகாரங்கள் தரும் 1977ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு. வரி போடும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் காங்கிரஸிடம்தான் கொடுத்திருக்கிறது. அந்த 1977 சட்டமோ இறக்குமதியை 'ஒழுங்குபடுத்தலாம்' என்கிறது, 'வரி' என்ற சொல்லே அதில் இல்லை. ஒழுங்குபடுத்துவதற்குள் வரி அடங்குமா என்று 2025 நவம்பர் 5ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்கள். பின்னலாடைக் கம்பெனிகளின் கப்பல் கணக்கு ஒரு வினைச்சொல்லில் தொங்கியது.

பம்ப் ஆபரேட்டர்கள் யார்?

ராணுவத்தையும் தபால் துறையையும் தள்ளிவிட்டால், கூட்டாட்சி அரசில் வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர். எல்லாரும் வாஷிங்டனில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதியினர் தலைநகருக்கு வெளியே இருக்கிறார்கள். மிகப் பெரிய துறைகளில் ஒன்று முன்னாள் ராணுவத்தினர் நலத் துறை. அதில் பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். வானிலை பார்ப்பவர், இறைச்சிக் கூடத்தைச் சோதிப்பவர், விமானத்துக்கு வழி சொல்பவர், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துபவர் எல்லாரும் இதில் சேர்த்தி. நம் கலெக்டர் மாதிரி மாவட்டத்துக்கு ஒருவர் என்று கிடையாது. மாநிலப் போலீஸ் அதிபரின் ஆளில்லை. மாநில அதிகாரிகளை வேலை வாங்க வாஷிங்டனுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1997இல் சொல்லிவிட்டது.

இந்த 20 லட்சத்தில் புது அதிபர் தன் ஆளாகக் கொண்டுவந்து வைப்பது ஏறக்குறைய 4,000 பேர். அவர்களில் அமைச்சர்கள், தூதர்கள் உள்பட ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்கள் தகுதி முறையில், அதாவது கட்சி பார்க்காமல் திறமை பார்த்து, வேலைக்கு வந்தவர்கள்.

முன்பு இப்படி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேர்தலில் ஜெயித்த கட்சிக்கே எல்லா வேலையும். தபால் நிலையக் குமாஸ்தா வரைக்கும் கூண்டோடு மாறுவார்கள். புது அதிபரின் வாசலில் வேலை கேட்டு வரிசை நிற்கும். 1881இல் அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவன் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் தான் பேசிய பேச்சால்தான் ஜேம்ஸ் கார்ஃபீல்டு ஜெயித்தார், பாரிஸில் துணைத் தூதர் வேலை தனக்கு வர வேண்டும் என்று நம்பினான். வரவில்லை. ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபரைச் சுட்டான். கார்ஃபீல்டு இரண்டரை மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். இறந்தது செப்டம்பர் 19. விசாக் கையெழுத்து விழுந்த அதே தேதி என்பது வெறும் தற்செயல்தான். அடுத்து வந்த செஸ்டர் ஆர்தர், நியூயார்க் சுங்க அலுவலகத்தில் கட்சிக்காரர்களுக்கு வேலை கொடுத்தே பெயர் வாங்கியவர். அவர்தான் 1883 ஜனவரியில் தேர்வு எழுதி வேலைக்கு வரும் முறையைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். முதலில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும். பிறகு மெல்ல மெல்ல விரிந்தது.

இன்று 'ஆழ் அரசு' என்று சிலர் திட்டுவது இந்த ஏற்பாட்டைத்தான். அதிபர் சொல்வதைக் கேட்காத அதிகாரிகளின் ரகசியக் கூட்டம் என்பது அவர்கள் வாதம். என் பார்வையில் முக்கால்வாசி சமயம் நடப்பது ரகசியமும் அல்ல, சதியும் அல்ல, "பி பிளாக்குக்கு ஏறாது சார்" என்ற வாக்கியம்தான். மீதிக் கால்வாசியில் சோம்பலும் இருக்கும், பிடிவாதமும் இருக்கும், மறுக்கவில்லை. ராணுவத் தளபதியாக இருந்த ஐசனோவர் தனக்கு அடுத்த அதிபராக வரப்போகிறார் என்றதும், ராணுவத்தில் மாதிரி இங்கேயும் 'இதைச் செய், அதைச் செய்' என்பார், ஒன்றும் நடக்காது, பாவம் என்று ட்ரூமன் பரிதாபப்பட்டாராம். பட்டவர் பேச்சு.

விதி: யாரும் பார்க்காத நடுப்படி

சட்டத்துக்கும் அன்றாடத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. சட்டம் பொதுவாகப் பேசும். அதை நடைமுறைக்கு விரித்து ஒரு துறை எழுதுவது விதி. அதற்குச் சட்டத்தின் பலம் உண்டு, குடிமகனையும் கட்டுப்படுத்தும். ஆகவே அதை நினைத்தபடி எழுத முடியாது. 1946ஆம் வருடத்து நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, வரைவை 'ஃபெடரல் ரெஜிஸ்டர்' என்ற அரசிதழில் வெளியிட வேண்டும், யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும், முக்கியமான கருத்துகளுக்குப் பதில் சொல்லிக் காரணத்தோடு இறுதி விதியை வெளியிட வேண்டும். விதியை ரத்து செய்ய வேண்டுமா? அதற்கும் இதே வழிதான். ஏறிய படியெல்லாம் இறங்க வேண்டும்.

இது எவ்வளவு முக்கியம் என்பது எச்-4 விசாவில் போன நம் பெண்களுக்குத் தெரியும். எச்-1பி வைத்திருப்பவரின் கணவன் அல்லது மனைவி அங்கே வேலை பார்க்கக் கூடாது என்றிருந்தது. ஒபாமா காலத்தில், 2015இல், கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைக்கு வேலை அனுமதி தரும் விதி வந்தது. மே 26 முதல் அமல். பயன்பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். 2017இல் டிரம்ப் அரசு அந்த விதியை எடுக்கப்போவதாக அறிவித்தது. 'அடுத்த மாதம் வேலை போய்விடும்' என்று எத்தனை வீடுகளில் தூக்கம் கெட்டது! ரத்துக்கான வரைவு 'விரைவில் வரும்' பட்டியலிலேயே வருடக்கணக்கில் இருந்தது. அரசிதழில் ஒருநாளும் வெளியாகவில்லை. 2021 ஜனவரியில் பைடன் பதவியேற்றதும் அந்த முயற்சியே திரும்பப் பெறப்பட்டது.

அவசரப்பட்டு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் ஓர் உதாரணம் உண்டு. சிறுவயதில் ஆவணமின்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களைக் காக்க ஒபாமா அரசு 2012இல் கொண்டுவந்த திட்டத்தை டிரம்ப் அரசு நிறுத்தப் பார்த்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தடுத்தது. நிறுத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லவில்லை, சரியான காரணம் சொல்லி நிறுத்தவில்லை என்றது.

ஆக, ஆணையை ஒரு மாலையில் எழுதலாம், இன்னொரு மாலையில் கிழிக்கலாம். விதியை எழுத மாதங்கள், சமயத்தில் வருடங்கள். சட்டத்தை மாற்ற காங்கிரஸில் ஆள் சேர்க்க வேண்டும்.

சாவி இருக்கிறது, பணம்?

2009 ஜனவரி 20இல் ஒபாமா பதவியேற்றார். ஜனவரி 22ஆம் தேதி, பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடித்தவர்களை அமெரிக்கா கியூபாவில் அடைத்து வைத்திருந்த குவாண்டானமோ சிறையை ஒரு வருடத்துக்குள் மூட வேண்டும் என்று ஆணை போட்டார். சிறை ராணுவத்துடையது, ராணுவம் அவருடையது. தலைவர் வாட்ச்மேனுக்கு எழுதிய சீட்டு போல நூறு சதவீதம் அவர் வட்டத்துக்குள் இருக்கும் காரியம். ஆனாலும் மூடவில்லை. கைதிகளை அமெரிக்க மண்ணுக்குக் கொண்டுவர ஒரு காசு செலவழிக்கக் கூடாது என்று காங்கிரஸ் நிதிச் சட்டங்களில் வருடா வருடம் எழுதி வைத்தது. எட்டு வருடம் கழித்து அவர் வெளியேறியபோது உள்ளே 41 பேர் இருந்தார்கள்.

எதிர்த் திசையிலும் இந்தப் பூட்டு வேலை செய்யும். காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தைப் பிடிக்கவில்லை என்று அதிபர் செலவழிக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிபர் நிக்சன் அப்படிச் செய்ததால்தான் 1974இல் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது.

யாரை அனுப்பலாம்?

அமைச்சர்களை அதிபர் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். செனட்டைக் கேட்க வேண்டியதில்லை. தகுதி முறையில் வந்தவரை நீக்கக் காரணமும் நடைமுறையும் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது இனம்: வணிக ஆணையம் போன்ற சுயேச்சை அமைப்புகளின் தலைமையில் இருப்பவர்கள். தகுந்த காரணமின்றி அவர்களை நீக்கக் கூடாது என்று 1935இல் உச்ச நீதிமன்றம் அன்றைய அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வட்டி விகிதத்தை முடிவு செய்யும் ஃபெடரல் ரிசர்வ் அதிபரின் கோபத்துக்குப் பயப்படாமல் இருக்க முடிவதும் இந்த மாதிரிப் பாதுகாப்பால்தான். தொண்ணூறு வருடப் பழமையான அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லி 2025 டிசம்பரில் டிரம்ப் அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. கொள்கை வகுப்பதில் பங்குள்ள சுமார் 50,000 அதிகாரிகளின் பணிப் பாதுகாப்பைத் தளர்த்தும் முயற்சியும் அதே வருடத்தில் தொடங்கியது. விசா, வரி எல்லாம் தலைப்புச் செய்தி. நாளைக்கு எந்த அதிபர் வந்தாலும் பம்ப் ஆபரேட்டர் வாய் திறப்பாரா என்பதைத் தீர்மானிக்கப்போவது இந்தச் சண்டைதான், ஆனால் இது நம் குழுவில் ஒருநாளும் ஃபார்வர்டு ஆவதில்லை.

அந்தச் சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை கையெழுத்தானபோது, கட்டணம் ஆண்டுதோறும் என்று சொன்னவர் வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக். சித்தப்பாவைக் குறை சொல்வதற்கில்லை. கையெழுத்தான அந்தக் காகிதத்தின், அதாவது அதிபரின் பிரகடனத்தின் வாசகமோ, ஏற்கெனவே விசா உள்ளவர்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பினால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் முத்திரை குத்தும் அதிகாரி எதை வைத்து முடிவெடுப்பார்? பெரிய கம்பெனிகள் தங்கள் ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பின.

மறுநாள், செப்டம்பர் 20, குடியேற்றச் சேவைத் துறையின் இயக்குநர் தன் அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இனிமேல் தாக்கலாகும் புது மனுக்களுக்கு மட்டும்தான் இது, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை. ஒரு தடவை கட்டினால் போதும், ஆண்டுதோறும் இல்லை என்று வெள்ளை மாளிகையும் சொன்னது. கையெழுத்துக்கும் முத்திரைக்கும் நடுவே இருந்த அந்தப் படி நிரம்ப ஒரு நாள் ஆனது.

நம் நேரப்படி அப்போது சனிக்கிழமை நள்ளிரவைத் தாண்டியிருந்தது. சித்தப்பா குறிப்பின் படத்தைக் குழுவில் போட்டார். அத்தை மகள் அப்போது தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். மதுரையில் கொலுப்படி பாதி கட்டியபடி நின்றது. அங்கிருந்து திரும்பி வர டிக்கெட் என்ன விலை என்று பார்த்தாளாம். போவதற்குக் கொடுத்ததைவிட அதிகம்.